ஆறு வோல்ட் என்று எழுதிய பெட்டி

ஏப்ரல் மாதத்திலிருந்து கிளாரி பெங்கில்லி தன் ஷெட்டுக்குள் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான். பல்பைத் திட்டினான், பல்பை விற்றவனைத் திட்டினான், முக்கால்வாசி நேரம் தன்னையே திட்டிக்கொண்டான். எழுபத்தொரு வயதில் ஒரு மனுஷன் தன் சொந்த ஷெட்டில் திருடன் மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்ய வேண்டி வந்தால் வேறு என்னதான் செய்வான்?

வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. 1955-ஆம் வருடத்து எஃப்ஜே ஹோல்டன் கார். அந்தக் காலத்துக் கார்களைப் போல ஆறு வோல்ட் பேட்டரியில் ஓடுவது. அதைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அவன் ஊரான மூண்டாவிலோ பக்கத்து ஊர் கடினாவிலோ ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டால் இரண்டே நாளில் கையில் கொடுத்துவிடுவான். ஆனால் கிளாரியால் விட முடியாது. ஆறு வோல்ட் இல்லாத பழைய ஹோல்டன் ஹோல்டனே இல்லை என்று இருபது வருடமாக ஊருக்கு உபதேசம் செய்தவனே அவன்தான். பழைய ஹோல்டன் சங்கத்துக்குச் செயலாளர். வருடாவருடம் அசல் மாறாத வண்டிக்குக் கொடுக்கும் நீல ரிப்பனுக்குப் பன்னிரண்டு வோல்ட் வண்டி போட்டியிடவே கூடாது என்று விதி எழுதியதும் அவன் கைதான்.

அந்த விதியில் முதலில் மாட்டியவன் ரெக்ஸ் ட்ரெலோர். நாற்பது வருட சிநேகிதன். மூன்று வருடத்துக்கு முன் ரெக்ஸ் சத்தமில்லாமல் தன் வண்டியைப் பன்னிரண்டுக்கு மாற்றிக்கொண்டு போட்டிக்கு வந்தான். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை கிளாரி. காதாலேயே பிடித்துவிட்டான். ஆறு வோல்ட்டில் ஸ்டார்ட்டர் சுற்றினால் "ர்ரூ... ர்ரூ... ர்ரூ" என்று தூக்கம் கலையாத கிழவன் எழுந்திருக்கிற மாதிரி முனகும். அதே ஸ்டார்ட்டருக்குப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்தால் "விர்ர்ர்" என்று பதறி அடித்துக்கொண்டு சுற்றும். சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம் இது. அத்தனை பேர் முன்னால் கிளாரி ரெக்ஸின் ரிப்பனைப் பிடுங்கினான். ரெக்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பழையபடி ஆறு வோல்ட்டுக்கே மாற்றினான். அன்றிலிருந்து பேச்சு உண்டு, சிரிப்பு கிடையாது.

அப்படிப்பட்டவன் எதற்கு இப்போது இந்தத் திருட்டு வேலையில் இறங்கினான் என்றால், வெர்னாவுக்காக.

போன வருடத்துக்கு முந்தின வருடம், டிசம்பர். கோதுமை அறுவடை நேரம். மகள் வீட்டுக்குப் போய்விட்டு ஆர்தர்டன் சாலையில் திரும்பி வருகிறார்கள், பொழுது சாய்கிற வேளை. ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி மினுக்கிக்கொண்டு வந்தது, கொஞ்ச தூரத்தில் அதுவும் அணைந்தது, வண்டி நின்றுவிட்டது. சாலையோரம் ஒதுக்கக்கூட இடம் இல்லை. கிளாரி பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த நாற்பது நிமிடமும் அவன் மனைவி வெர்னா வண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றாள். இரட்டை டிரெய்லர் போட்ட தானிய லாரிகள் ஒவ்வொன்றும் அவள் பாவாடையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி போயின. ஒன்று ஹாரனை அடித்துக்கொண்டே கடைசி நொடியில் விலகியது. அதில் அவள் புல்லில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து முட்டியில் மருந்து போட்டுக்கொண்டே சொன்னாள்: "பன்னெண்டுக்கு மாத்துன்னு ஆறு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். ரோட்டுல நிக்கற என்னைவிட அந்த ஆறு வோல்ட்டு உனக்கு ஒசத்தியாப் போச்சு. வச்சுக்கோ. நான் இனிமே அதுல ஏற மாட்டேன்."

கிளாரி அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தானா? "வண்டிமேல தப்பில்ல, கேபிள் ஒண்ணு லூசு" என்றான். அதோடு சரி. வெர்னா அந்த வண்டியில் ஏறவே இல்லை. சங்கத்து ஊர்வலங்களில் கிளாரியின் பக்கத்து சீட்டில் பிளாஸ்க்கும், கறி அடைத்துச் சுட்ட பேஸ்ட்டிப் பொட்டலமும்தான் உட்கார்ந்து வந்தன. மற்றவர்கள் ஜோடி ஜோடியாக இறங்கி மரத்தடியில் கம்பளம் விரிக்கும்போது இவன் மட்டும் நின்றுகொண்டே பேஸ்ட்டியைக் கடித்தான். ஒரு வருடத்துக்கு மேல் அந்த வறட்டுப் பேஸ்ட்டியைத் தின்றபிறகு அவனுக்குப் புத்தி வந்தது. வந்ததை வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை.

அதனால் ஷெட்டுக் கதவைச் சாத்தினான்.

ஐயோ, அந்த வேலை படுத்திய பாடு! பின்னாளில் வந்த ஹோல்டன் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வோல்ட் ஜெனரேட்டர் கிடைத்தது. அதை மாட்டினால் பெல்ட் நேராக நிற்கவில்லை. மூன்று நாள் வாஷர் வாஷராக வைத்துப் பார்த்தான். பொறி கொடுக்கும் காயிலை மாற்றினான். ஹெட்லைட், பார்க்கிங் லைட், பின் லைட் என்று ஒவ்வொரு பல்பாக மாற்றிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று சுவிட்சைப் போட்டால் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருந்த ஒரு பொட்டு பல்பு "டப்" என்று வெடித்தது. அதை எடுக்க சீட்டைக் கழற்றி, மல்லாந்து படுத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. பெட்ரோல் காட்டும் முள்ளை மறந்தே போனான். அது நிறைந்துவிட்டது என்று காட்டி, அதற்கும் மேலே போய் முட்டிக்கொண்டு, லேசாகப் புகையவும் செய்தது. ஹாரனைத் தொட்டான் ஒரு நாள். பன்னிரண்டு வோல்ட்டில் அது போட்ட கூச்சலுக்குத் தெருக்கோடி நாய்வரை குரைத்தது. "என்ன சத்தம்?" என்று வெர்னா சமையலறையிலிருந்து கேட்டாள். "ஒண்ணுமில்ல!" என்று கத்தினான். பேச்சு அதோடு முடிந்தது. அந்த வீட்டில் அப்போதெல்லாம் பேச்சு அவ்வளவுதான்.

கடைசியில் பேட்டரி. ஆறு வோல்ட் பேட்டரிக்கு மேலே மூன்று மூடி, பன்னிரண்டுக்கு ஆறு மூடி. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். செத்துப்போன பழைய ஆறு வோல்ட் பேட்டரி ஒன்றின் பெட்டியைக் காலி செய்து, கழுவி, அதற்குள் ஒரு சின்னப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை இறக்கி, மேலே தாரை உருக்கி ஊற்றி மூடினான். மூன்று மூடி, பக்கவாட்டில் "6 வோல்ட்" என்ற எழுத்து, எல்லாம் அப்படியே. தான் செய்ததைப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டான். வண்டியிலிருந்து எடுத்த உண்மையான ஆறு வோல்ட் பேட்டரியும் மேசைமேல் பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் பாலிஷ் போட்டுத் துடைத்து வைத்தான். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அடையாளத்துக்குத் திருட்டுப் பெட்டியில் ஒரு சொட்டு வெள்ளைப் பெயின்ட் வைத்தான். எங்கே வைத்தான்? யார் கண்ணிலும் படக் கூடாது என்று அடிப்பக்கத்தில் வைத்தான், மகா புத்திசாலி.

இந்த வருடம் செப்டம்பர் ஊர்வலம் கிளாரி வீட்டிலிருந்து கிளம்புவதாக முறை. காலையில் எல்லோரும் அங்கே கூடி, டீ குடித்து, ரிப்பனுக்கான சோதனையை முற்றத்திலேயே முடித்துக்கொண்டு, கடற்கரைக்கு வண்டிகளை வரிசையாக ஓட்டிப் போய், சாயங்காலம் ஆர்தர்டன் சாலை வழியாகத் திரும்ப வேண்டும். முந்தின நாள் கிளாரி சமையலறை வாசலில் போய் நின்றான்.

"நாளைக்கு... நீயும் வந்தா நல்லாருக்கும்."

வெர்னா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நம்ம வீட்டுலேருந்து கெளம்பறாங்க. நான் வராட்டி ஊரே கேக்கும்."

"ஊருக்காக இல்ல."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவை வரேன், கிளாரி. அது மறுபடியும் நின்னுச்சுன்னா இறங்கிடுவேன். அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் என்னைக் கூப்பிடாத."

அவ்வளவு போதும் அவனுக்கு. அவன் திட்டம் ரொம்பச் சுத்தமானது. சோதனையில் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்ல மாட்டார்கள், பார்ப்பதோடு சரி. கிளம்பும்போது இருபது இன்ஜின் ஓடுகிற இரைச்சலில் இவன் ஸ்டார்ட்டர் "விர்ர்" என்றாலும் யார் காதிலும் விழாது. சாயங்காலம் ஆர்தர்டன் சாலையில் ஹெட்லைட்டைப் போட்டு வெர்னாவுக்குக் காட்டுவான். வெளிச்சம் வேலிவரைக்கும் பளிச்சென்று அடிக்கும். அவள் புரிந்துகொள்வாள். வாயைத் திறந்து எதையும் சொல்லவே தேவையில்லை.

இரவு மேசையிலிருந்து எடுத்துச் சார்ஜரில் போட்டிருந்த பேட்டரியைக் காலையில் வண்டியில் வைத்தான். தூக்கும்போது கொஞ்சம் கனமாக இருந்தது. இடுப்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டான். ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்றால், அதற்குள் வாசலில் இரண்டு வண்டி வந்து நின்றுவிட்டன. காதுள்ளவர்கள். பார்க்கவில்லை.

பத்து மணிக்கு முற்றம் நிறைந்திருந்தது. முப்பது பேராவது இருப்பார்கள். வெர்னா நல்ல நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்தாள். பையின் வாயில் அந்தப் பழைய டார்ச் நீட்டிக்கொண்டிருந்தது.

இந்த வருடத்து நடுவர் ரெக்ஸ். அட்டையும் பேனாவுமாக வந்தான். பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் மூக்கை நுழைத்துப் பார்த்தான். பேட்டரியைத் தட்டினான், மூடிகளை எண்ணினான்.

"லைட்டைப் போடு."

கிளாரி போட்டான். வெயிலில் தெரியாது என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் வண்டி ஷெட்டு நிழலைப் பார்த்து நின்றிருந்தது. பளிச்சென்று அடிக்க வேண்டிய ஹெட்லைட் செம்மண் நிறத்தில், சாகப்போகிற தணல் மாதிரி மினுங்கியது. கிளாரி அதைப் பார்த்தான். பிறகு ஷெட்டுக்குள் மேசைமேல் இருந்த இன்னொரு பெட்டியைப் பார்த்தான். காலையில் பேட்டரி ஏன் கனத்தது என்று அப்போது புரிந்தது.

பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றின வண்டியில் உண்மையான ஆறு வோல்ட் பேட்டரியை வைத்திருக்கிறான்.

"பாத்தீங்களாப்பா!" என்று ரெக்ஸ் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "இதுதான் ஆறு வோல்ட் வெளிச்சம்! இந்த மங்கலை எவனும் காசு குடுத்து வாங்க முடியாது. சரி, இப்ப ஸ்டார்ட் பண்ணு."

"ஸ்டார்ட்டா? அது சோதனையில கிடையாதே."

"இந்த வருஷத்துலேருந்து உண்டு. மே மாசக் கூட்டத்துல நான்தான் சொன்னேன், நீதான் எழுதிக் கையெழுத்துப் போட்ட. மறந்துட்டியா?"

மே மாதம் கிளாரி எந்தக் கூட்டத்தில் மனசோடு உட்கார்ந்திருந்தான்? பெட்ரோல் முள் புகைந்த மாதம் அது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். பட்டனை அழுத்தினான்.

"ர்ரூ... ர்ரூ... ர்ரூ..."

ரெக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அவன் முகம் மெல்ல இளகியது.

"உண்மையைச் சொல்றேன், கிளாரி. ஏப்ரல்லேருந்து உன் ஷெட்டு சாத்தியே கெடக்கு. நீ திருட்டுத்தனமா மாத்திட்டேன்னு நெனச்சேன். உன்னைப் பிடிக்கணும்னுதான் ஸ்டார்ட்டைச் சோதனைல சேத்தேன். தப்புதான்டா, மன்னிச்சுக்கோ. இது அசல்." அவன் கையை நீட்டினான். மூன்று வருடத்துக்கு அப்புறம் அவன் சிரித்தது அன்றைக்குத்தான். கூட்டம் கை தட்டியது. கிளாரி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அவனைக் கேட்டால் தெரியும்.

எல்லாம் சரி, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும்? பன்னிரண்டு வோல்ட் காயிலுக்கு ஆறு வோல்ட்டைக் கொடுத்தால் பொறி எங்கிருந்து வரும்?

"ர்ரூ... ர்ரூ..."

"குளிர்ல கெடந்திருக்கு. இன்னொரு தடவை அழுத்து" என்றான் ரெக்ஸ்.

"ர்ரூ... ரூ..."

"என் வண்டியைப் பக்கத்துல கொண்டுவரேன். கேபிள் போட்டுக்கலாம். என்னோடதும் ஆறுதானே."

"வேண்டாம்" என்றான் கிளாரி. இன்னொரு தடவை அழுத்தினான். "ரூ..." என்று இழுத்து அதுவும் நின்றது. ஐந்து மாதம்! ஐந்து மாதம் கழுத்தும் இடுப்பும் ஒடிய வேலை செய்து, கடைசியில் ஒரு சொட்டு வெள்ளைப் பெயின்ட்டை அடியில் வைத்ததால் எல்லாம் நாசம். ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்து குத்தினான். கைதான் வலித்தது.

பக்கத்தில் வெர்னா பையின் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"சரி, கிளாரி" என்றாள் மெதுவாக. "நீங்கள்லாம் போயிட்டு வாங்க. நான் வீட்டுல இருக்கேன்." அவள் கை கதவுப் பிடிக்குப் போயிற்று.

ஷெட்டு பத்தடி தூரத்தில் இருந்தது. மேசைமேல் அந்தப் பெட்டி கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்தது. போய் எடுத்து வந்து மாட்டினால் ஒரு நொடியில் வண்டி பிடித்துக்கொள்ளும். ஆனால் "விர்ர்ர்" என்று சத்தம் வரும். இப்போது ஒரு இன்ஜின்கூட ஓடவில்லை. முப்பது ஜோடிக் காது. கையில் ரெக்ஸின் கைச்சூடுகூட ஆறவில்லை.

கதவு திறந்தது. வெர்னாவின் ஒரு கால் தரையில் பட்டது.

"இறங்காத" என்றான் கிளாரி. "வெர்னா, இறங்காத. ரெண்டு நிமிஷம்."

இறங்கி ஷெட்டுக்கு நடந்தான். பெட்டியைக் கவிழ்த்து வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டான், இந்தத் தடவை. எல்லோரும் பார்க்க அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழையதைக் கழற்றித் தரையில் வைத்தான், புதியதை மாட்டினான். ரெக்ஸ், "இதென்னடா, இன்னொரு பேட்டரியா?" என்றான். கிளாரி உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினான்.

"விர்ர்ர்!" அரை நொடி. இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஹெட்லைட் ஷெட்டுச் சுவரில் வெள்ளையாக அடித்தது. மேசைமேல் கிடந்த ஸ்பேனர்கூடத் தெரிந்தது.

ரெக்ஸின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. "அடப்பாவி" என்றான்.

"பன்னெண்டு வோல்ட்" என்றான் கிளாரி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஏப்ரல்லேருந்து. ரிப்பன் வேண்டாம். செயலாளர் வேலையையும் வேற யாராவது பாத்துக்குங்க. ரெக்ஸ், உன் ரிப்பனைப் பிடுங்கினதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும்."

"அதைப் பொறவு பாத்துக்கலாம்" என்றான் ரெக்ஸ். அட்டையில் போட்ட மார்க்கையெல்லாம் ஒவ்வொன்றாக அழுத்தி அடித்தான். ஒவ்வொரு கோட்டையும் ரசித்துத்தான் போட்டான்.

வெர்னா இன்னும் ஒரு கால் தரையிலும் ஒரு கால் வண்டியிலுமாக உட்கார்ந்திருந்தாள். சுவரில் அடித்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏப்ரல்லேருந்தா?"

"ஆமா."

"அஞ்சு மாசமா நீ என்மேல கோவத்துல ஷெட்டுக்குள்ள போய் உக்காந்திருக்கேன்னு நெனச்சேன். ராத்திரி சாப்பாட்டைத் தட்டுல மூடி வச்சுட்டு, தனியா டிவி பாத்துட்டு, என்ன தப்பு பண்ணினோம்னு யோசிச்சுட்டு இருந்தேன்." அவள் குரல் உயர்ந்தது. இப்போது கோபம் வந்துவிட்டது, நன்றாகவே வந்துவிட்டது. "நீ சொன்னது சரி வெர்னான்னு ஒரே ஒரு வார்த்தை, கிளாரி! அதைச் சொல்ல வாய் வராம, ஒரு காரையே பிரிச்சு மாட்டியிருக்கியே!"

முற்றத்தில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். கிளாரி ஸ்டியரிங்கைப் பார்த்தான், பேட்டரி தாரில் கறுத்துப்போயிருந்த தன் விரல்களைப் பார்த்தான்.

"நீ சொன்னதுதான் சரி" என்றான். "அன்னைக்கு ரோட்டுல உன்னை நிக்க வச்சிருக்கக் கூடாது. கேபிள் லூசுன்னு சொன்னேன் பாரு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

வெர்னா இறங்கினாள். அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு ரெக்ஸிடம் போனாள். கைப்பையிலிருந்து டார்ச்சை உருவி, அவன் அட்டைமேல் வைத்தாள்.

"இந்தா, இனிமே இது உனக்குத்தான். உன் வண்டி ஆறு வோல்ட்டாச்சே. சாயங்காலம் வரும்போது உன் வீட்டுக்காரிகிட்ட குடு, பின்னாடி நின்னு ஆட்டட்டும்."

திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள், அந்தப் பழைய கதவுக்குத் தேவையான அளவுக்கு பலமாக.

"போ" என்றாள். "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். வெளிச்சம் எப்படின்னு ஆர்தர்டன் ரோட்டுல பாத்துட்டுச் சொல்றேன்."

கிளாரி கியரைப் போட்டான். பிளாஸ்க்கும் பேஸ்ட்டிப் பொட்டலமும் பின் சீட்டில் உருண்டன.